சோதித்தவர் எண் பதினேழு

பிப்ரவரி 9

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, வாத்தியத் தொழிற்சாலையில் சோதனைத் தொட்டித் தண்ணீரில் கையை ஊறவைத்து ஊறவைத்து வந்த வெடிப்பு ஆறிவிட்டதா என்று முதலில் எழுது.

ஒரு சின்னச் சமாச்சாரம். பயப்படாதே. போன மாதம் கீழ்வரிசையில் முன்பல் ஒன்றை எடுத்துவிட்டேன். கொஞ்சம் துருத்திக்கொண்டிருக்குமே, அதுதான். ட்ரம்பெட் வாசிக்கும்போது உதட்டைக் குத்துகிறது, அதனால்தான் சுரம் நிற்கமாட்டேன் என்கிறது என்று எனக்கு ஓர் எண்ணம். பல் டாக்டர், "நல்ல பல்லுங்க, ஏன் எடுக்கணும்?" என்று இரண்டு தடவை கேட்டார். நான்தான் பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா, "பல்லு இல்லாட்டி பாட்டு வரும்னா, பிறந்த குழந்தைங்கதான் பெரிய வித்வானுங்க" என்றாள்.

விஷயம் இதுதான். செப்டம்பரில் நீ அனுப்பிய புது ட்ரம்பெட்டைக் கையில் எடுத்ததிலிருந்து என் வாசிப்பு சரியில்லை. பூங்காவில் எங்கள் பாண்டு வாத்தியக் குழுவின் வெள்ளி விழாக் கச்சேரியில், நான் தனியாக வாசிக்க வேண்டிய நாலு வரியில் இரண்டு இடத்தில் சத்தம் பிசிறி விழுந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை சிரித்தது. அடுத்த ஒத்திகைக்குப் போனபோது, குழுவை நடத்தும் மாஸ்டர் என் நாற்காலியை மூன்றாவது வரிசைக்குத் தள்ளியிருந்தார்.

அப்புறம் ஒருநாள் அவரே தனியாகக் கூப்பிட்டு, "வாத்தியத்துலயே கோளாறா இருக்குமோ?" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பெட்டியிலிருந்த வாரண்டி அட்டையை எடுத்து நீட்டினேன். "சோதித்தவர் எண் 17. இது யாருன்னு தெரியுமா? என் பொண்ணு. அவ கை பட்டு வந்ததுல கோளாறு இருக்குமா?" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி கேட்டேன். அவர் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நகர்ந்தார்.

பழைய ட்ரம்பெட்டைப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டதால் ஒப்பிட்டுப் பார்க்கவும் வழியில்லை. குறை என்னிடம்தான். ஐம்பத்தெட்டு வயதில் உதடு தளராமல் என்ன செய்யும்? பல் குழி ஆறட்டும், பார்ப்போம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


பிப்ரவரி 27

அப்பாவுக்கு வணக்கம்.

என் கை வெடிப்பு பரவாயில்லை. களிம்பு போடுகிறேன். உங்கள் பல் குழி ஆறிவிட்டதா? என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் எடுத்தீர்கள்?

இங்கே ஒரு செய்தி. இந்த மாதத்திலிருந்து சோதனைப் பிரிவுக்கு என்னை மேற்பார்வையாளர் ஆக்கியிருக்கிறார்கள். இரண்டு வருடமாக 17 என்ற முத்திரையோடு போன ஒரு வாத்தியம்கூடத் திரும்பி வரவில்லை என்று மானேஜர் எல்லார் முன்னாலும் சொல்லிக் கைதட்டச் சொன்னார். இப்போது எனக்குத் தனி மேசை.

எந்தச் சுரம் பிசிறுகிறது? எல்லாமா, குறிப்பிட்ட சிலதா? வால்வுக்கு எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

அம்மாவிடம் நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள்.

மகள்


மார்ச் 14

அன்புள்ள மேற்பார்வையாளருக்கு,

சிரிக்காதே, அப்படித்தான் எழுதுவேன். உன் கடிதத்தைக் குடிநீர் வாரிய அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் குழாய் ஃபிட்டர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். தேநீர் என் கணக்கு. ஒத்திகையிலும் சொன்னேன். மாஸ்டர்கூட எழுந்து வந்து கைகொடுத்தார். உன் அம்மா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்கு மூன்று தடவை போய் வந்தாள்.

எண்ணெய் விட்டேன். பல் குழியும் ஆறிவிட்டது. ஆனாலும் அதே கதைதான். நடு வால்வை அழுத்தி வாசிக்கிற சுரம் எல்லாம் காற்றோடு கலந்து வருகிறது. மற்றதெல்லாம் சுத்தமாக வருகிறது. நடு விரலில் பலம் போய்விட்டதோ என்று ரப்பர் பந்தைப் பிசைந்துகொண்டிருக்கிறேன். வாரியத்தில் கேட்பவர்களிடம் கைவாதத்துக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

கொஞ்ச நாள் வாசிக்காமல் இருக்கிறேன் என்று மாஸ்டரிடம் நானே கேட்டுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சும்மா இருக்க முடியாதே, அதனால் முன்னாலேயே போய் இசை நோட்டு ஸ்டாண்டுகளை விரித்து வைக்கிறேன். அதுவும் ஒரு வேலைதான்.

நீ ஒன்றும் கவலைப்படாதே.

அப்பா


ஏப்ரல் 25

அப்பாவுக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. புது வேலையில் நிற்க நேரமில்லை.

ட்ரம்பெட்டை எனக்கு அனுப்புங்கள். தொழிற்சாலை முகவரிக்கு வேண்டாம், நான் தங்கியிருக்கும் அறைக்கு அனுப்புங்கள். வாரண்டி விண்ணப்பம் எதுவும் எழுத வேண்டாம். அட்டையையும் அனுப்ப வேண்டாம், அது உங்களிடமே இருக்கட்டும். நானே பார்த்துச் சரிசெய்து அனுப்புகிறேன். அலுவலகம் வழியாகப் போனால் மாதக்கணக்கில் இழுத்தடிப்பார்கள்.

விரலில் ஒன்றும் இருக்காது. பந்தை விட்டுவிடுங்கள்.

மகள்


மே 6

அன்புள்ள மகளுக்கு,

அம்மாவுக்கு லேசான சளி, இப்போது சரியாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் சின்னதாக இருந்ததால் கேட்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று மத்தியானம் ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றிக் கட்டினேன். அப்புறம் என்ன தோன்றியதோ, அவிழ்த்துவிட்டேன். முப்பது வருடமாக இந்த ஊர்க் குழாய்களில் கசிவு கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அடைக்க வேண்டியதை அடைத்து, பெரிய வாளியில் முக்கி, ஊதிப் பார்த்தேன். நடு வால்வுக்கு அடியில், குழாயைச் சேர்த்துப் பற்றவைத்த பற்றில் சரம் சரமாகக் குமிழி வந்தது.

வாளிக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். உதடு இல்லை, விரல் இல்லை, வயது இல்லை! உன் அம்மா ஓடி வந்து எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "அந்தப் பல்லு?" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சாயங்காலம் யோசித்துப் பார்த்தேன். இது லாரியில் வந்த குலுக்கலில்தான் விட்டிருக்க வேண்டும். இரண்டு நாள் பயணம் இல்லையா? நீ பார்த்து அனுப்பும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். அப்படித்தானே?

இந்த விஷயம் உங்கள் அலுவலகத்துக்குப் போக வேண்டாம். இப்போதுதான் உனக்கு மேசை கிடைத்திருக்கிறது. அனுப்பவும் வேண்டாம், வழியில் யாராவது பிரித்துப் பார்த்தால் வம்பு. பற்றவைக்க எனக்குத் தெரியாதா? மாஸ்டரிடம், நானே கை தவறிக் கீழே போட்டுவிட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகம் ஒருமாதிரி ஆகிவிட்டது. "இத்தனை நாள் உதடுன்னு சொன்னீங்க, பல்லுன்னு சொன்னீங்க. போட்டு ஒடச்சேன்னு சொல்றதுக்கு என்னங்க? வாத்தியத்தக்கூடப் பத்திரமா வெச்சுக்கத் தெரியாதா?" என்றார். தலையாட்டிவிட்டு வந்தேன். இனி வாத்தியம் சரியானாலும் நாற்காலி உண்டா என்று தெரியவில்லை. அது போகட்டும்.

கையை ஈரத்தில் வைக்காதே.

அப்பா


ஜூன் 28

அப்பாவுக்கு,

சௌக்கியம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அம்மாவுக்குச் சளி மறுபடி வரவில்லையே?

ஆமாம், லாரிக்காரர்கள் அப்படித்தான் போட்டு அடிப்பார்கள்.

இங்கே வேலை நெருக்கடி. 22ஆம் எண் முத்திரையோடு போன ஒரு வாத்தியம் பற்று விட்டுத் திரும்பி வந்தது. அறிக்கை நான்தான் எழுத வேண்டியிருந்தது. அதனால்தான் கடிதம் போட முடியவில்லை.

மகள்


ஜூலை 9

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

பற்றவைத்துப் பார்த்தேன். என் கை தண்ணீர்க் குழாய்க்குப் பழகிய கை. நெருப்பு அதிகமாகி மேல்பூச்சு கருகிவிட்டது. கசிவு ஒரு இடத்தில் இருந்தது, இப்போது இரண்டு இடம். மேலே துணி போட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

உன்னை ஒன்று கேட்க வேண்டும். அந்த 22 யார்? போன வருடம் நீ விடுமுறைக்கு வந்தபோது ஒரு பெண்ணைப் பற்றிச் சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, சாப்பாட்டு வேளையில் தன் டப்பாவைத் திறக்காமல் உன் டப்பாவையே காலி செய்கிறவள் என்று, அவளா? அறிக்கையில் என்ன எழுதினாய்? அவளுக்கு என்ன ஆயிற்று?

இதற்கு மட்டும் பதில் போடு. மற்றதெல்லாம் அப்புறம்.

அப்பா


ஆகஸ்ட் 3

அப்பாவுக்கு,

நலம் விசாரித்து எழுத எனக்கு முகம் இல்லை. நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அவள்தான். பக்கத்துத் தொட்டியில் நான்கு வருடம் என்னோடு நின்றவள். "சோதனையில் கவனக்குறைவு" என்று எழுதினேன். விதிப்படி எழுத வேண்டிய வார்த்தை அதுதான். அவளுடைய எண்ணைப் பறித்துப் பெட்டி கட்டும் பிரிவுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கும்போது என் மேசை முன்னால் வந்து நின்று, "நீங்க ஒரு தடவகூட விட்டதில்லையாக்கா?" என்றாள். மனசார, தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்டாள்.

நான் "இல்ல" என்றேன்.

அப்பா, உங்கள் ட்ரம்பெட்டை லாரி உடைக்கவில்லை. உங்கள் பக்கம் வருகிற லாரி வாரத்துக்கு ஒருநாள், மூன்று மணிக்குக் கிளம்பும். அன்றைக்கு விட்டால் வெள்ளி விழாவுக்கு வந்து சேராது. உங்களுடையது மெருகு முடிந்து என்னிடம் வந்தபோது இரண்டரை மணி. தொட்டிக்கு முன்னால் பதினொரு வாத்தியம் வரிசையில் இருந்தது. முக்கி, பார்த்து, உலர்த்தித் துடைக்க நேரம் இல்லை. இவ்வளவு பளபளப்பாக இருக்கிறதே, இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். விரல் ரேகை படாமல் துடைத்து, அட்டையில் முத்திரை குத்தி, நானே ஓடிப்போய் லாரியில் ஏற்றினேன். நான்கு வருடத்தில் எத்தனை ஆயிரம் வாத்தியங்களைத் தண்ணீரில் முக்கியிருப்பேன்! உங்களுடையதை மட்டும் முக்கவில்லை.

நீங்கள் நடு வால்வு என்று எழுதியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த மாதம் அதே இடத்தில் பற்று சரியாக உருகி ஓடாமல் ஆறு வாத்தியங்களைத் தொட்டியிலேயே பிடித்து நிறுத்தினோம். தெரிந்தும் மார்ச்சிலிருந்து சொல்லாமல் இருந்தேன். வாரண்டி ஒரு வருடம். செப்டம்பர் வந்தால் முடிந்துவிடும், அதுவரை தள்ளிவிட்டால் போதும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் ரப்பர் பந்தைப் பிசைகிறீர்கள் என்று படித்துவிட்டும் எண்ணினேன். லாரி என்று நீங்களே ஒரு சமாதானத்தை எடுத்துக் கொடுத்தபோது, அதைக் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இதோடு வாரண்டி விண்ணப்பம் வைத்திருக்கிறேன். எல்லாம் நிரப்பிவிட்டேன், உங்கள் கையெழுத்துதான் பாக்கி. ட்ரம்பெட், அட்டை, விண்ணப்பம் மூன்றையும் தொழிற்சாலை முகவரிக்கே அனுப்புங்கள்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வார்த்தை வரவில்லை.

மகள்


ஆகஸ்ட் 14

மகளுக்கு,

கையெழுத்துப் போட்டு எல்லாவற்றையும் இன்று காலை அனுப்பிவிட்டேன்.

பரவாயில்லை என்று எழுதப் பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. நீ அன்றைக்கு முக்காமல் அனுப்பியதற்கு இல்லை. எனக்காக ஓடிய ஓட்டம் அது. பல்லுக்கும் இல்லை, அது என் பைத்தியக்காரத்தனம், உனக்குத் தெரியும் முன்பே போய்விட்டது. தெரிந்த பிறகும் ஐந்து மாதம் மறைத்தாயே, நான் என் விரலையும் உதட்டையும் திட்டிக்கொண்டிருக்க விட்டாயே, அதற்குத்தான். உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன் அம்மாவிடம்கூடப் பேசவில்லை.

மூன்றாம் நாள் அவள்தான் பிடித்துக்கொண்டாள். நான் உன்னைக் காப்பாற்ற மாஸ்டரிடம் பொய் சொன்னேன் என்று ஏதோ தியாகம் செய்தவன் மாதிரி ஆரம்பித்தேன். "அவளுக்காகவா சொன்னீங்க? என் பொண்ணு, என் பொண்ணுன்னு அட்டையத் தூக்கிக் காட்டினீங்களே, அந்தப் பெருமை போயிடுமேன்னு சொன்னீங்க. அப்பனும் மகளும் ஒரே அச்சு" என்றாள். வாத்தியத்தில் கோளாறா என்று மாஸ்டர் கேட்ட அன்றே ஒரு வாளித் தண்ணீர் பிடித்திருந்தால் போதும். ஊரில் எவன் வீட்டுக் குழாயையும் சந்தேகப்படுகிறவன், உன் எண்ணைச் சந்தேகப்பட மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன்.

அந்தப் பொய்யை இந்த ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு முன்னால் எல்லாரிடமும் சொல்லித் திருத்தப் போகிறேன். நடந்தது என்ன என்று கேட்டால் நடந்ததைத்தான் சொல்வேன். உன் பெயரும் வரும். உனக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

அந்த 22 பெண்ணிடம் போய்ச் சொல்லிவிட்டாயா?

அப்பா


செப்டம்பர் 25

அப்பாவுக்கு வணக்கம்.

அம்மாவும் நீங்களும் நலமா?

ட்ரம்பெட் வந்து சேர்ந்தது. பெட்டியைத் திறந்ததும் வாரண்டிப் பிரிவுக்காரர், "வீட்டுலயே யாரோ பத்தவெச்சிருக்காங்க, இது செல்லாது" என்று எழுதப் போனார். நான் என் வாக்குமூலத்தை மேசையில் வைத்தேன். அதை அவர் மானேஜரிடம் கொண்டுபோனார்.

மானேஜர் கதவைச் சாத்திவிட்டு, "உன்ன அந்த இடத்துல உட்காரவெச்சது நான். இது வெளிய போனா எனக்கும் அசிங்கம்மா. அப்பாவோடதுதானே? நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பிடு. இந்தக் காகிதம் வேண்டாம்" என்றார். ஒரு நிமிடம் எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, அப்பா. பொய் சொல்லவில்லை. அப்புறம், "இல்ல சார், இதப் பதிவு பண்ணிடுங்க. 22க்கு எழுதினத நானே எனக்கும் எழுதியிருக்கேன்" என்றேன்.

இப்போது நான் பெட்டி கட்டும் பிரிவில் இருக்கிறேன். ஆறு மாதத்துக்குப் பிறகு பார்க்கலாம் என்றிருக்கிறார்கள். தொட்டியில் ஆள் குறைந்ததால் அவளுக்கு அவள் எண்ணைத் திருப்பிக் கொடுத்துத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் போகும் முன்னால் அவளிடம் சொன்னேன், அன்றைக்கு "இல்ல" என்றது பொய் என்று. கேட்டுக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விட்டாள். நடு வால்வுப் பகுதி முழுவதையும் புதிதாக மாற்றிய பிறகு, உங்கள் ட்ரம்பெட்டை அவள்தான் முக்கினாள். அரை நிமிடம் பார்த்தால் போதும். அவள் இரண்டு நிமிடம் வைத்திருந்தாள். நான் பெட்டியோடு பக்கத்தில் நின்றேன். துடைத்து என் கையில் கொடுக்கும்போதும் முகம் பார்க்கவில்லை. இன்றுவரை பேசவில்லை.

மாஸ்டருக்குக் காட்ட, "தயாரிப்புக் குறை, உரிமையாளர் பொறுப்பல்ல" என்று தொழிற்சாலை எழுதிய கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.

அடுத்த மாதக் கச்சேரிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன் அல்லவா? விடுமுறை கிடைத்தாலும் வரவில்லை. உங்கள் குழுவில் எல்லாருக்கும் தெரியும். எந்த முகத்தோடு அங்கே வந்து உட்காருவேன்?

மகள்


அக்டோபர் 4

அன்புள்ள மகளுக்கு,

எல்லாரும் நன்றாக இருக்கிறோம். ட்ரம்பெட் பத்திரமாக வந்தது. வந்த அன்றே வாளியில் முக்கிப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. ஒரு குமிழிகூட இல்லை. அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல். அவள் பேசாவிட்டாலும் நீ சொல்.

நடு வால்வுச் சுரங்கள் எல்லாம் கல் மாதிரி நிற்கின்றன. மேல் சுரங்கள்தான் நிற்காமல் நழுவி ஓடுகின்றன. பல் போன இடத்தில் உதடு உள்ளே மடிகிறது. மவுத்பீஸைக் கொஞ்சம் இடது பக்கமாக வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறேன். பாதி வந்திருக்கிறது. மீதி வராது என்று மாஸ்டருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன்னிடம் மறைப்பதில் இனி அர்த்தமில்லை என்பதால் எழுதுகிறேன். மூன்றாவது வரிசையில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். தொழிற்சாலைக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என் பையிலேயே வைத்தார். "உங்க பல்லுக்கு நானும் ஒரு காரணம். நாற்காலிய மாத்துறதுக்கு முன்னாடி வாத்தியத்த வாங்கி நானே ஒரு தடவ ஊதிப் பார்த்திருக்கணும்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்கு இன்னும் எழுதவில்லை. ஒத்திகை தொடங்கும் முன்னால் எழுந்து நின்றேன். தரையைப் பார்த்துக்கொண்டே, "நான் கீழ போடல. பொய் சொன்னேன். வாத்தியம் வரும்போதே கோளாறோடதான் வந்தது. பார்க்காம அனுப்பினது என் பொண்ணுதான்" என்றேன். யாராவது சிரிப்பார்கள், யாராவது அந்த அட்டையைப் பற்றிக் கேட்பார்கள் என்று காது இரண்டும் சுட்டுக்கொண்டிருந்தது. டிரம் வாசிக்கிற குண்டு மட்டும், "அப்ப அடுத்த தடவ என் டிரம்மையும் வாளியில முக்கிப் பாருங்கண்ணே" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஒருவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. நோட்டில் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். வாசிப்பைத் தொடங்க மாஸ்டர் கையைத் தூக்கிவிட்டார். நான் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

அதனால் வா. யாராவது உன்னைக் கேட்டால் கேட்கட்டும். ஆமாம் என்று சொல்லு. எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் மிச்சம் இருக்கிறது, அது கடிதத்தில் தீராது. நேரில் இரண்டு திட்டுத் திட்ட வேண்டும். உன் அம்மா இப்போதே உன் படுக்கையை வெயிலில் போட்டுவிட்டாள்.

எந்தப் பஸ் என்று எழுது. நிலையத்தில் நிற்கிறேன். வெட்கமாக இருந்தால் என் பின்னாலேயே நடந்து வா. வீட்டுக்குப் பத்து நிமிடம்தான்.

அப்பா